ஆறு யூனிட் கேட்டதே நான்தான்

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரே சண்டை. மேலூர் பக்கம் மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் வரும் சாலை, போட்டு இரண்டு மழைக்காலம்கூட முழுசாகத் தாண்டவில்லை, நடுவில் இரண்டு பக்கமும் சக்கரத் தடம் வாய்க்கால் மாதிரி இறங்கிவிட்டது. பெரியாறு கால்வாய் மேல் இருக்கும் சின்னப் பாலத்தில் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் போய்விட்டது. எல்லாம் கிரஷரிலிருந்து, அதாவது கல்லை உடைத்து ஜல்லியும் எம்-சாண்ட் என்கிற செயற்கை மணலும் செய்யும் ஆலையிலிருந்து வரும் லாரிகளின் வேலை என்பது ஊருக்கே தெரியும். அப்போது தம்பி ஒருவர் போட்டார்: "லாரிய நிறுத்தி என்ன பிரயோசனம்? ஓவர்லோடுக்கு டன்னுக்கு இவ்வளவுன்னு காசு வாங்கிட்டு விட்ருவோம். அந்தக் காசுல நாமளே ரோடு போட்டுக்குவோம்." அதற்கு விழுந்த கட்டைவிரல்களை எண்ணி முடியவில்லை. நான் குழுவில் நீளமாக ஏதோ அடித்து, அழித்து, மறுபடி அடித்து, கடைசியில் இங்கே வந்துவிட்டேன்.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கமெண்டில் வந்து சொல்வார்கள். வீடு கட்டும்போது எம்-சாண்ட் வாங்கினேன். பத்துச் சக்கர டாரஸ் லாரி. நான் கேட்டது ஆறு யூனிட். லாரி வந்து நின்றதும் ஏணி போட்டு ஏறி, மணல் பாடிக்கு மேல் கும்பலாக இருக்கிறதா என்று கையால் தட்டிப் பார்த்தேன். மட்டமாக இருந்திருந்தால் டிரைவரிடம் சண்டை போட்டிருப்பேன். நம்மில் யார் எடைமேடைச் சீட்டைக் கேட்டு மணல் வாங்குகிறோம்? கண்ணால் கும்பலைப் பார்த்துத்தான் வாங்குகிறோம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. அது சுமார் நாலரை டன், ஈரமாக இருந்தால் இன்னும் கூட. பத்துச் சக்கர வண்டிக்கு, அதாவது மூன்று அச்சு வண்டிக்கு, சட்டப்படி மொத்த எடை 28.5 டன். அதில் டிப்பரின் சொந்த எடையே பத்து, பதினோரு டன் போய்விடும். மீதி பதினேழு, பதினெட்டு டன். அதாவது அந்த வண்டியில் சட்டப்படி ஏற்றக்கூடியது நாலு யூனிட்தான். நான் வாங்கியது 27 டன். வண்டியோடு சேர்த்து 38 டன் என் வீட்டு வாசல் வரை வந்தது, வழியில் எல்லோருடைய வீட்டு வாசலையும் தாண்டி.

இந்த 28.5 என்ற அளவே 2018 ஜூலையில் மத்திய அரசு உயர்த்திக் கொடுத்ததுதான். அதற்கு முன்னால் 25. ஆறு சக்கர வண்டிக்கு 16.2 ஆக இருந்ததை 18.5 ஆக்கினார்கள், பெரிய டிரெய்லருக்கு 49 டன் இருந்தது 55 ஆனது. ஏற்கெனவே கூடுதலாக ஏற்றிக்கொண்டு திரிவதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் அதற்கு மேல் ஏற்ற மாட்டார்கள் என்று அப்போது பலர் நம்பினார்கள், நானும்தான். நடந்தது என்ன? கோடு மேலே போனது, கும்பலும் கூடவே மேலே போனது. நம் ஊர்ச் சாலைக்கு மட்டும் யாரும் கூடுதலாக ஒரு அடுக்கு ஜல்லி போடவில்லை.

சரி, தம்பியின் யோசனைக்கு வருகிறேன். காசு வாங்கிக்கொண்டு விடுவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாலை தேய்வது டன் கணக்கில் நேராக ஏறுவதில்லை. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலைகள் போட்டு, அதில் லாரிகளை இரவு பகலாக ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து வந்த ஒரு விதியைத்தான் இன்று வரைக்கும் சாலைப் பொறியாளர்கள் கையில் வைத்திருக்கிறார்கள். ஒரு அச்சின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் இரண்டு மடங்கு ஆகாது, ஏறக்குறைய பதினாறு மடங்கு ஆகும். பாரம் எத்தனை மடங்கோ, அந்த எண்ணை நான்கு முறை போட்டுப் பெருக்க வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். என் மணல் லாரிக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். 28.5க்குப் பதில் 38. பாரம் கூடியது மூன்றில் ஒரு பங்கு. சேதம் கூடியது மூன்று மடங்குக்கு மேல்!

"ஒரே நடையில் ஆறு யூனிட் வந்தால் நடை குறையுமே, சாலைக்கு நல்லதுதானே" என்று என் மச்சான் கேட்டார். அதையும் போட்டுப் பார்த்தேன். அதே 27 டன் மணலைச் சட்டப்படியான பாரத்தில் கொண்டுவந்தால் சுமார் ஒன்றரை நடை ஆகும். அந்த ஒன்றரை நடையின் சேதத்தைப் போல இரண்டு மடங்கு சேதத்தை என் ஒரே நடை செய்துவிட்டது. தார் ரோட்டுக்கே இப்படி என்றால், கால்வாய்ப் பாலத்துக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாட்டு வண்டிக்கும் பின்னால் டிராக்டருக்கும் பழகிய பாலம் அது.

இப்போது டன்னுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கினால் என்ன ஆகும்? முதல் கூடுதல் டன்னுக்கும் பத்தாவது கூடுதல் டன்னுக்கும் ஒரே ரேட். ஆனால் பத்தாவது டன்தான் சாலையை அதிகம் உடைக்கிறது. ரேட்டை நியாயமாக வைத்தால் எவனும் ஏற்ற மாட்டான், ஏற்றும்படி வைத்தால் ரோடு போட அந்தக் காசு பத்தாது. மற்றபடி நம் பஞ்சாயத்தில் "தனியாக" ஒரு நிதி சேர்ந்தால் அது ரோட்டுக்குத்தான் போகும் என்று நம்புகிறவர்களிடம் நான் வாதாடத் தயாராக இல்லை.

இன்னொன்று, இது புது யோசனையும் கிடையாது. முன்பு சில மாநிலங்களில் இதையேதான் செய்தார்கள். மொத்தமாக ஒரு தொகை கட்டு, ஒரு அட்டையோ டோக்கனோ வாங்கிக்கொள், அதைக் காட்டினால் கூடுதல் பாரத்தோடு போகலாம். 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்று சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தில் எடைக்கு ஓர் எல்லை இருக்கிறது, அதைத் தாண்டினால் அபராதம் கட்டினாலும் கூடுதல் சரக்கை இறக்கிய பிறகுதான் வண்டி நகர வேண்டும், காசு வாங்கிக்கொண்டு அந்த மீறலுக்கே அனுமதி கொடுக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். மாநில அரசுக்கே இல்லாத உரிமை நம் வாட்ஸ்அப் குழுவுக்கு எங்கிருந்து வரும்?

2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதமும் சின்னத் தொகை இல்லை. முன்பு இரண்டாயிரமும் கூடுதல் டன்னுக்கு ஆயிரமும். இப்போது இருபதாயிரம், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் இரண்டாயிரம். என் மணல் லாரியை அன்றைக்கு யாராவது மடக்கியிருந்தால் நாற்பதாயிரத்தை ஒட்டி வந்திருக்கும், மணலின் விலையைவிட அதிகம். பக்கவாட்டிலோ பின்னாலோ உயரத்திலோ சரக்கு அளவு தாண்டி நீட்டிக்கொண்டிருந்தாலும் தனியாக இருபதாயிரம். (வைக்கோல் லாரியை நினைத்துக்கொண்டேன். தை, மாசியில் ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு கரண்டு கம்பியை உரசிக்கொண்டு போகுமே, அதில் ஒன்றுகூட இந்தக் கணக்கில் தப்பாது. ஆனால் வைக்கோல் லாரியைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, ஏன் என்று தெரியவில்லை.)

அனுமதியும் கட்டணமும் தேவைப்படுகிற இடம் வேறு. ராத்திரியில் கப்பலூர் பக்கமோ ரிங் ரோட்டிலோ காற்றாலை இறக்கை ஏற்றிய வண்டியைப் பார்த்திருப்பீர்கள். முன்னும் பின்னும் ஒரு வண்டி விளக்கைச் சுழற்றிக்கொண்டு வரும், ரவுண்டானாவில் திரும்ப அரை மணி நேரம் ஆகும், நாலு பேர் இறங்கி ஓடிக்கொண்டே வழி சொல்வார்கள். அந்த இறக்கையை இரண்டாக அறுத்து ஏற்ற முடியாது. மின்நிலையத்துக்குப் போகும் டிரான்ஸ்பார்மரையும் பாதியாகக் கொண்டுபோக முடியாது. இந்த மாதிரி பிரிக்க முடியாத சரக்குக்குத்தான் அளவு மீறிய வண்டிக்கான தனி அனுமதி. எந்த வழி, எந்தப் பாலம், எந்த நேரம் என்று பார்த்து, நிறைய அச்சு வைத்த ஹைட்ராலிக் டிரெய்லரில் பாரத்தைப் பரப்பி, கட்டணமும் கட்டிவிட்டுப் போகிறார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மணலுக்கு என்ன கேடு? அதைவிடப் பிரிக்கத் தோதான பொருள் உலகத்தில் உண்டா?

கிரானைட் இரண்டுக்கும் நடுவில். கீழவளவுப் பக்கம் அந்தக் கல்லைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு கன மீட்டர் 2.7 டன் வரும். மூன்று மீட்டர் நீளம், இரண்டு அகலம், இரண்டு உயரம் என்று ஒரு பிளாக் வெட்டினால் அது மட்டுமே 32 டன். ஒரே கல், பிரிக்க முடியாது என்பார்கள். குவாரியிலேயே சின்னதாக வெட்டியிருக்கலாமே என்று கேட்டால் அப்புறம் விலை போகாது என்பார்கள். அதுவும் உண்மைதான். அந்தக் கல்லைப் பற்றி எழுத ஆரம்பித்தால் வேறு கதைக்குப் போய்விடும், நிறுத்திக்கொள்கிறேன்.

லாரிக்காரரைத் திட்டி இதை எழுதவில்லை. என் அப்பா இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்தவர். எனக்கு மணல் கொண்டுவந்த டிரைவர் தம்பியிடம் டீ குடிக்கும்போது பேச்சு கொடுத்தேன். "அண்ணே, நாலு யூனிட்டோட வந்தா டீசலும் படியும்தான் மிஞ்சும், டியூ யாரு கட்டுவா? நான் ஏத்தலைன்னா பின்னால நிக்கிறவன் ஏத்திட்டுப் போறான்." விஷயமே இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் இருக்கிறது. எல்லோரும் ஆறு யூனிட் ஏற்றும்போது வாடகையும் ஆறு யூனிட் கணக்குக்கு இறங்கிவிடுகிறது. நாலு ஏற்றுகிறவனுக்கு நஷ்டம். ஆறு ஏற்றுகிறவனுக்கும் கடைசியில் கமான் பட்டை உடைவதும் டயர் வெடிப்பதும் பிரேக் பிடிக்காமல் போவதும்தான் மிச்சம். எல்லோரையும் ஒரே நாளில் நாலு யூனிட்டுக்கு இறக்கினால் வாடகை தானாக ஏறும். நமக்கு மணல் விலை கூடும். கூடட்டும் என்றுதான் சொல்வேன், இப்போது அந்தப் பணத்தை வேறு பெயரில் ரோடு டெண்டருக்குக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்த "ஒரே நாளில்" என்பதை ரோட்டில் நின்று செய்ய முடியாது. பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு முக்கில் நிற்கிறார் என்றால் ஐந்து நிமிடத்தில் அத்தனை டிரைவர் போனுக்கும் தகவல் போய்விடுகிறது. வண்டிகள் தோப்புக்குள் ஒதுங்கி நிற்கின்றன, அவர் போனதும் கிளம்புகின்றன. மாட்டுகிறவனும் டிரைவர்தான், ஏற்றிவிட்டவன் சிக்குவதே இல்லை. டோல்கேட்டில் எடை பார்க்கும் கருவி வைத்தாலும் கிரஷர் லாரி நாலுவழிச் சாலைப் பக்கம் போனால்தானே? அது நம் ஊருக்குள் இருக்கும் 3.75 மீட்டர் ரோட்டில், 2.6 மீட்டர் அகல உடம்பை வைத்துக்கொண்டு, எதிரில் வரும் பள்ளிக்கூட வேனைப் புல்லில் இறக்கிவிட்டுப் போகிறது.

பிடிக்க வேண்டிய இடம் கிரஷர் வாசல். குவாரியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு லோடுக்கும் கனிமவளத் துறையின் நடைச்சீட்டு வேண்டும். அதில் வண்டி எண்ணும் அளவும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, கனிமத்துக்கு அரசு வாங்கும் கட்டணத்தை டன் கணக்குக்கு மாற்றியதையும் கனிம நில வரியையும் ஒட்டி வந்த சண்டை அது. அதாவது அரசு இப்போது டன் கணக்கில்தான் பேசுகிறது. வண்டியின் மொத்த எடை எவ்வளவு, காலி எடை எவ்வளவு என்பது ஆர்சி புத்தகத்திலேயே இருக்கிறது. நடைச்சீட்டையும் ஆர்சி விவரத்தையும் ஒரே கணினியில் சேர்க்க என்ன தடை? 28.5 டன் வண்டிக்கு 27 டன் சரக்கு என்று நடைச்சீட்டு கேட்டால், சீட்டே வரக் கூடாது. வாசலில் எடைமேடை, மேலே ஒரு கேமரா. மீறிக் கிளம்பினால் அபராதச் சீட்டு கிரஷர் உரிமையாளர் பெயருக்கும் போக வேண்டும். சட்டத்தில் ஓட்டுகிறவரை மட்டும் சொல்லவில்லை, ஓட்டச் செய்தவரையும் அனுமதித்தவரையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறது. அந்த வார்த்தைகளைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

கட்டணம் கட்டாயம் வேண்டும் என்றால், சட்டப்படியான எடைக்குள் ஓடும் வண்டிக்கே போடலாம். அச்சு எடையும் ஓடிய கிலோமீட்டரும் வைத்து. சுவிட்சர்லாந்தில் 2001 முதல் கனரக வண்டிகளுக்கு எடை, தூரம், புகை மூன்றையும் வைத்து வாங்குகிறார்கள். நம் ஊரில் நேஷனல் பெர்மிட்டுக்கு வருடத்துக்கு ஒரு தொகை, கட்டிவிட்டால் நூறு கிலோமீட்டர் ஓடினாலும் லட்சம் ஓடினாலும் ஒன்றுதான். இதை மாற்றுவது டெல்லி வேலை, நாளைக்கே நடக்காது, எனக்குத் தெரியும்.

நாளைக்கே நடக்கக் கூடியது ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட சாலையிலோ பாலத்திலோ கனரக வண்டிக்குத் தடையோ எடைக் கட்டுப்பாடோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 115வது பிரிவில் வழி இருக்கிறது. கால்வாய்ப் பாலத்துக்கு அதைக் கேட்டு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாக வைத்து, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு நாளில் கொடுப்பதாகத் திட்டம். கட்டைவிரல் போட்ட தம்பிகள் கையெழுத்துப் போட வாருங்கள். நம் பக்கம் எங்கே, யார் வாசலில் இறங்கிய லோடு என்றெல்லாம் கேட்க மாட்டேன், கேட்டால் முதல் பெயர் என்னுடையதுதான். அப்புறம், பாலத்தின் இப்போதைய போட்டோ யாரிடமாவது பகலில் எடுத்தது இருந்தால் அனுப்புங்கள். என்னிடம் இருப்பது எல்லாம் இரவில் எடுத்தவை, ஒன்றும் தெரியவில்லை.