லேசர் பட்ட கேமராவுக்கு ரீசெட் மருந்தில்லை

சனிக்கிழமை மேடை நிகழ்ச்சியில் லேசர் விளக்கு பட்டுப் போன் கேமரா கெட்டதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். எனக்குப் பொறுக்காதது ஏற்பாட்டாளர்கள் சொன்ன பதில்தான். அதன் பிறகு எடுக்கிற படத்தில் எல்லாம் ஊதாக் கோடு விழுகிறதே என்று அங்கே வந்திருந்த ஒரு பெண் கேட்டதற்கு, "லென்ஸைத் துடையுங்கள், இல்லையென்றால் ரீசெட் செய்யுங்கள்" என்கிறார்கள். ரீசெட் செய்தால் போனில் இருப்பதெல்லாம் போகும். கோடு போகாது.

பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்கியிருப்பீர்களே, அதேதான். நேராகப் புகும் லேசரை லென்ஸானது, உள்ளே படத்தைப் பதிக்கும் சென்சாரில் ஒரே புள்ளியில் குவிக்கிறது. பிக்சல் கருகினால் புள்ளி. அதன் வரிசைக்கான மின்தடம் போனால் ஓரத்திலிருந்து ஓரம் வரை கோடு.

சோதிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கறுப்புத் துணியால் லென்ஸை மூடி ஒரு படம், வெள்ளைத் தாளை நிறைத்து ஒரு படம். போனை எப்படித் திருப்பினாலும் கறை அதே இடத்தில் நிற்கிறதா? வேறு போனுக்கு அனுப்பினாலும் தெரிகிறதா? அப்படியானால் கோளாறு திரையில் இல்லை, சென்சாரில்தான். எல்.இ.டி. விளக்கடியில் நகரும் பட்டைகள் வேறு சமாச்சாரம், அது சேதமில்லை. ஒவ்வொரு லென்ஸையும் தனியாகப் பாருங்கள். ஜூமை அழுத்தினாலும் மங்கலான வெளிச்சத்தில் சில போன்கள் மெயின் லென்ஸ் படத்தையே வெட்டிப் பெரிதாக்கும். எதை விரலால் மறைத்தால் திரை இருள்கிறதோ, அதுதான் அப்போது படம் எடுக்கிற லென்ஸ்.

என் மகள் முதன்முதலாக மேடையேறி ஆடியபோது எடுத்த வீடியோவில், பாதிக்கு மேல் அவள் முகத்தின் குறுக்கே பச்சைக் கோடு. கடையில் அப்டேட் செய்யச் சொன்னார்கள், செய்தேன், கோடு அப்படியே இருந்தது. லென்ஸும் சென்சாரும் சேர்ந்த கேமரா மாட்யூலை மாற்றிய பிறகுதான் போனது. ஆனால் அந்த வீடியோவை யார் மாற்றித் தருவார்கள்?

"கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்பீர்கள். கண் கூசினால் கால் நொடியில் இமை மூடிக்கொள்ளும், கேமராவுக்கு இமை இல்லை. அதோடு, மேடை லேசர்களில் பல 500 மில்லிவாட்டைத் தாண்டிய நான்காம் வகுப்பு, அதாவது லேசர்களில் மிக ஆபத்தான வகை. நேரே பட்டால் கண்ணுக்கும் ஆபத்துதான். "போனைத் தூக்காமல் ரசிக்கலாமே" என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. பிள்ளை ஆடும்போது நீங்கள் எடுக்கமாட்டீர்களா?

துடைக்கச் சொன்னவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். லேசர் கற்றை கூட்டத்தின் தலைக்கு மேலே போனதா, முகத்துக்கு நேரே வந்ததா? அதற்கு இன்னும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.