ஏசி ஆய்வு அறிக்கை அலமாரியில் பூட்டவா?

ஏசி வெளி யூனிட்டின் காயில் (சூட்டை வெளியே தள்ளும் குழாய்ச் சுருள்) அடைபட்டிருக்கிறது, சுத்தம் செய்யவும். புது ஆய்வு அறிக்கையில் இந்த வரியைப் படித்ததும் பழைய அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே யூனிட், அதே வரி. நடுவில் ஐந்து வருடம் போயிருக்கிறது, ஒருவரும் மாடி ஏறவில்லை. வயிறு எரிகிறது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே நிர்வாகத்தின் கீழ் ஒரு கட்டடத்தில் உள்ள ஏசிகளின் மொத்தக் குளிரூட்டும் திறன் 12 கிலோவாட்டைத் தாண்டினால், அங்கீகாரம் பெற்ற ஆய்வாளரை வைத்து ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது எரிசக்தி ஆய்வு செய்தே ஆக வேண்டும். தொழிலில் இருப்பவர்கள் டிஎம்44 என்பார்கள். 12 கிலோவாட் என்பது பெரிய கட்டடங்களின் கதை என்று நினைக்காதீர்கள். மூன்றரை கிலோவாட் ஸ்ப்ளிட் ஏசி நான்கு மாட்டினாலே 14 ஆகிவிடும். பெரிய அமைப்புகளுக்கு 2009 ஜனவரியிலும், மற்றவற்றுக்கு 2011 ஜனவரியிலும் முதல் ஆய்வுக்கான கெடு முடிந்துவிட்டது. ஆக இது நேற்று வந்த சட்டம் இல்லை, பழகிக்கொள்ள நேரம் வேண்டும் என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

ஆய்வு செய் என்று சொல்லும் சட்டம், ஆய்வில் கண்டதைச் சரிசெய் என்று சொல்லவில்லை. எல்லாக் கேடும் இங்கேதான் தொடங்குகிறது. அறிக்கை வந்ததா, அரசுப் பதிவேட்டில் ஏறியதா, முடிந்தது கடமை. நான் பார்த்துக்கொள்ளும் கட்டடங்களில் மேலிடத்திலிருந்து வரும் கேள்வி ஒன்றே ஒன்று: "சர்டிஃபிகேட் இருக்கா?" இருக்கிறது என்றால் சரி, அடுத்த வேலை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

அந்த அடைபட்ட காயிலை நேரில் பார்க்க வேண்டும். அலுமினியத் தகடுகளுக்கு நடுவே புறா இறகும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கிறது. விரலால் சுரண்டினால் பட்டையாக உரிந்து வருகிறது. அறையிலிருந்து இழுத்த சூட்டை அந்தத் தகடுகள் வழியாகத்தான் வெளியே தள்ள வேண்டும். வழி அடைத்துவிட்டால் கேஸின் அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் கூடுதல் மின்சாரம் தின்னும், ஆயுளும் குறையும். ஒரு பிரஷ்ஷும் தண்ணீரும் காயில் கிளீனரும் போதும், அரை நாள் வேலை. அதற்கு பட்ஜெட் இல்லையாம். மாதா மாதம் கூடுதலாகப் போகிற மின் கட்டணத்துக்கு மட்டும் எங்கிருந்து பட்ஜெட் வருகிறது?

இன்னொரு மாடியில் சர்வர் அறை. சர்வர்கள் எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டன, காலி ரேக்குகள் மட்டும் நிற்கின்றன. ஆனால் ஏசி இன்னும் 18 டிகிரியில் இரவும் பகலும் ஓடுகிறது. யாருக்காக? இதுவும் அறிக்கையில் இருக்கிறது. பக்கத்து ஹாலில் ரேடியேட்டர் 23க்கு அடித்துச் சூடாக்குகிறது, ஏசி அதே காற்றை 20க்கு இழுக்கிறது. இரண்டுக்கும் காசு கொடுக்கிறோம். அதுவும் அறிக்கையில் இருக்கிறது! செட்டிங்கை மாற்ற ஒரு பென்னிகூடச் செலவில்லை. ஆனால் ரேடியேட்டர் ஒரு காண்டிராக்டர், ஏசி வேறொரு காண்டிராக்டர், இருவரையும் சேர்த்து உட்கார வைக்க ஆள் இல்லை.

ஆய்வே செய்யாவிட்டால் அபராதம் 300 பவுண்டு. கொஞ்சம் பெரிய கட்டடத்தை ஒழுங்காக ஆய்வு செய்தால் கட்டணமே அதைத் தாண்டிவிடும். கண்காணிக்க வேண்டியவர்கள் உள்ளாட்சியின் வர்த்தகத் தர அதிகாரிகள். போலிப் பொருளிலிருந்து எடைக்கல் வரை ஏற்கெனவே அவர்கள் தலையில் இருக்கிறது. இந்த லட்சணத்தில் மலிவுக் கட்டண ஆய்வாளர்கள் வேறு. ஏணி இல்லை என்று மாடிக்கே ஏறாமல், சர்வீஸ் பேப்பரைப் பார்த்து, பழைய வாசகத்தை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். முறையாக வேலை செய்கிற ஆய்வாளரையும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஃபில்டரையும் கழற்றிப் பார்ப்பார், டைமரில் கோடைக்கால நேரம் மாற்றியிருக்கிறதா என்றுகூடப் பார்ப்பார். குறைந்த விலைக்கு டெண்டர் விடுகிற ஊரில் அவருக்கு எங்கே வேலை கிடைக்கும்?

சிலர் சொல்கிறார்கள், ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் வரம்பை 70 கிலோவாட்டுக்கு உயர்த்திவிட்டது, இங்கேயும் உயர்த்தினால் சிறு கடைக்காரர்களாவது பிழைப்பார்கள் என்று. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பெரிய கட்டடத்தில் எஞ்சினியர் இருப்பார், கணக்குப் பார்க்க ஆள் இருக்கும். ரிமோட்டைத் தவிர வேறெதையும் தொட்டறியாதவர் நடத்துகிற சின்ன இடத்துக்குத்தான் வெளியாள் ஒருவர் வந்து சொல்வது உண்மையிலேயே உதவும்.

வரம்பை மாற்ற வேண்டாம். அறிக்கைக்குப் பதில் எழுத வையுங்கள். செலவில்லாத பரிந்துரைகளை மூன்று மாதத்துக்குள் செய்ததாகக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். செலவுள்ளதைச் செய்யவில்லையென்றால் ஏன் என்று ஒரு வரி எழுதட்டும், அது அதே பதிவேட்டில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கட்டும். அடுத்த ஆய்வாளர் வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து, கட்டடத்தின் பொறுப்பாளரை எதிரே உட்கார வைத்துக் கேட்கட்டும்.