பள்ளி அலுவலகத்தில் இருப்பவருக்கும் பிள்ளைகள் பொறுப்புதான்

பள்ளியில் அலுவலக உதவியாளர் என்று சொன்னதும், "ரெஜிஸ்டர் எழுதுற வேலைதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. வெளியாட்கள் கேட்டால் பரவாயில்லை. பள்ளி நிர்வாகமே அப்படி நினைக்கும்போதுதான் வருத்தமாக இருக்கிறது. பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பயிற்சி வைத்தால் ஆசிரியர்களை மட்டும் கூப்பிடுவார்கள். "நீங்க ஆபீஸைப் பாத்துக்கோங்க" என்று எங்களை விட்டுவிடுவார்கள். இது பெரிய தவறு.

காலை வருகைப் பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை வரவில்லை, வீட்டிலிருந்து தகவலும் இல்லை. பிள்ளை பள்ளியில் இருப்பதாக வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள், வீட்டில் இருப்பதாகப் பள்ளியில் நினைத்துக்கொண்டிருப்போம். அப்படியானால் பிள்ளை எங்கே? இதைக் கேட்கும் முதல் ஆள் வீட்டுக்கு போன் போடும் அலுவலக உதவியாளர்தான். முதல் பீரியட் முடிவதற்குள் அந்த போன் போயாக வேண்டும். பெரும்பாலும் "காய்ச்சல் மேடம், சொல்ல மறந்துட்டேன்" என்றுதான் பதில் வரும். அதைக் காதில் கேட்கும்வரை எனக்கு அடுத்த வேலை ஓடாது.

தாமதமாக வரும் பிள்ளையை அலுவலகத்தில் நிறுத்திப் பெயர் எழுதுவதும் இதே காரணத்துக்குத்தான். நேராக வகுப்புக்கு ஓடிவிட்டால் பதிவேட்டில் ஆப்சென்ட் என்றே இருக்கும். தீ எச்சரிக்கை மணி அடித்து எல்லோரும் மைதானத்துக்கு வந்தபின், கையில் இருக்கும் பட்டியலை வைத்துத்தான் தலை எண்ணுவோம். ஆப்சென்ட் என்று எழுதிய பிள்ளையை உள்ளே யாரும் போய்த் தேடமாட்டார்கள்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, பிள்ளையை யாருடன் அனுப்புவது என்பது. "நான் பையனோட மாமா. அவங்க அம்மாவுக்கு முடியலை, என்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்று ஒருவர் வந்து நிற்பார். பையனும் ஓடி வந்து கட்டிக்கொள்வான். உண்மையிலேயே மாமாதான். ஆனாலும் பெற்றோர் எழுதிக்கொடுத்த பட்டியலில் பெயர் இல்லையென்றால் அப்படியே அனுப்ப முடியாது. பிள்ளைக்குத் தெரிந்தவர் எல்லோரும் பெற்றோர் அனுமதித்தவர் ஆகிவிட மாட்டார். "இந்தாங்க, அவங்க அம்மாகிட்டயே பேசுங்க" என்று தன் போனை நீட்டுவார். அதை வாங்கிப் பேசிவிட்டு அனுப்பக் கூடாது. எதிர்முனையில் பேசுவது யார் என்று நமக்கு எப்படித் தெரியும்? கோப்பில் இருக்கும் எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்க வேண்டும்.

பெற்றோர் பிரிந்திருக்கும் வீடுகளில் இது இன்னும் சிக்கல். "பிள்ளை இன்னைக்கு ஸ்கூலுக்கு வந்திருக்காளா?" என்று போனில் ஒரு குரல் கேட்கும். சாதாரணக் கேள்விபோல்தான் இருக்கும். ஆனால் அடி உதைக்குப் பயந்து, இருக்கும் இடத்தையே மறைத்து வாழும் தாயின் பிள்ளையாக இருந்தால், "ஆமாம்" என்ற ஒரு சொல்லே போதும், அவர்களைக் கண்டுபிடித்துவிடலாம். இப்படிப்பட்ட வீட்டு நிலவரமும் நீதிமன்ற உத்தரவும் தலைமை ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும், வகுப்பாசிரியருக்கும் தெரிந்திருக்கும். போனை எடுக்கிறவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்!

பிள்ளையின் அந்தரங்கத்தில் யாரும் காரணமின்றித் தலையிடக் கூடாது என்று ஐ.நா. 1989இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு சொல்கிறது. பள்ளியில் அதற்குச் சோதனை வருவது எங்கள் கவுண்டரில்தான். மருத்துவப் படிவம் மேசையில் திறந்தபடி கிடக்கக் கூடாது. கட்டண பாக்கியை மற்ற பெற்றோர் காதில் விழும்படி கேட்கக் கூடாது.

அப்புறம் மருந்து. ஒவ்வாமை கடுமையாகி மூச்சுத் திணறும் பிள்ளைக்கு அட்ரினலின் ஊசியை உடனே தொடையின் வெளிப்பக்கத்தில் போட வேண்டும். அவசரத்துக்கு உடைக்கு மேலேயே போடலாம். அந்த ஊசி அலுவலக அலமாரியில் இருக்கிறது, காலாவதித் தேதியைக் கவனிப்பதும் நான்தான். எப்படிப் போடுவது என்று எனக்கும் கற்றுத்தர வேண்டாமா?

"வயிறு வலிக்குது" என்று அடிக்கடி வந்து உட்கார்ந்துகொள்ளும் ஒரு சிறுமி இருந்தாள். கொஞ்சம் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும். அவள் வருவது எப்போதும் விளையாட்டு பீரியட்டுக்குச் சற்று முன்புதான் என்பது போகப்போகத்தான் புரிந்தது. வகுப்பாசிரியரிடம் சொன்னேன். விசாரித்தால், குழு பிரிக்கும்போது அவளை யாரும் சேர்த்துக்கொள்வதில்லையாம். பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்று மாறிக்கொண்டே இருக்கும் பள்ளியில், இதையெல்லாம் தொடர்ச்சியாகப் பார்க்க முடிகிற இடம் அலுவலகம்தான்.

நிர்வாகத்தில் இருப்பவர்களே, எங்களுக்கும் முதலுதவி, பாதுகாப்புப் பயிற்சி கொடுங்கள். தெரிய வேண்டியதைச் சொல்லி வையுங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்று நாங்கள் மறுக்கும்போது, எதிரில் நிற்பவர் கத்துகிறார் என்பதற்காக "இந்த ஒரு தடவை விட்டுடுங்க" என்று சொல்லாதீர்கள்.

பெற்றோரே, உங்கள் போன் எண் மாறினால் அன்றைக்கே பள்ளிக்குச் சொல்லிவிடுங்கள். பிள்ளையைக் கூட்டிப்போக யார் யார் வரலாம் என்ற பட்டியலையும் இந்த வாரமே ஒருமுறை கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.