ரோமில் ஒரே நாள்தானா? கொலோசியத்தை விடுங்கள்

ரோமில் ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் கொலோசியம், வத்திக்கான் இரண்டையும் அதற்குள் திணிக்காதீர்கள். பாதிப் பொழுது வரிசையிலும் பாதுகாப்புச் சோதனையிலும் போய்விடும். டைபர் ஆறு வளையும் இடத்தில் இருக்கிறது பழைய நகரம். அதை நடந்தே பார்க்கலாம்.

காலை 9 மணிக்குத் திறந்ததும் பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்குள் போய்விடுங்கள். 2023 ஜூலையில் கட்டணம் கொண்டுவந்துவிட்டார்கள். குவிமாடத்தின் விட்டம் சுமார் 43 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரை உயரமும் அதேதான். 1,900 ஆண்டுகளாக நிற்கும் இந்தக் கான்கிரீட்டில் கம்பியே கிடையாது. கீழே கனமான கல் கலந்து, மேலே போகப்போக எடையைக் குறைத்து, உச்சியில் நுரைக்கல் சேர்த்திருக்கிறார்கள். நடுவிலுள்ள வட்டத் திறப்பு வழியே மழை நேராக உள்ளே விழும். எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து குனிந்தும் பாருங்கள்: தரையின் நடுப்பகுதி லேசான மேடு, தண்ணீர் வடியச் சின்னச் சின்னத் துளைகள்.

அடுத்து தேவாலயங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். நிறைய தேவாலயங்களை மதியம் பன்னிரண்டரை வாக்கில் சாத்திவிட்டு, மூன்று மணி வாக்கில்தான் திறப்பார்கள். அதனால் சான் லூயிஜி தேய் பிரான்செசி தேவாலயத்தை முற்பகலிலேயே முடித்துவிடுங்கள். இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் மூன்று ஓவியங்கள், அனுமதி இலவசம். தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். சில தேவாலயங்களில் பெட்டியில் காசு போட்டால்தான் விளக்கு எரியும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகலில் சான்ட் இக்னாசியோ தேவாலயம். அங்கே குவிமாடமே இல்லை. குவிமாடம் போலத் தெரிவது, தட்டையான பரப்பில் ஆந்த்ரேயா போத்சோ வரைந்த ஓவியம். தரையில் குறித்திருக்கும் இடத்தில் நின்றால் நிஜக் குவிமாடம் போலவே இருக்கும். பீடத்தை நோக்கி நடந்தால் அப்படியே கோணிக்கொள்ளும். கூரை ஓவியத்தைக் காட்டும் கண்ணாடி முன்னால் செல்ஃபிக்கு நிற்கும் வரிசையில் சேராமல் இந்த நடையை நடந்து பாருங்கள்.

மாலையில் நவோனா சதுக்கம். ரோமப் பேரரசர் டொமிஷியன் கட்டிய ஓட்டப்பந்தய மைதானத்தின் வடிவம் அப்படியே இருக்கிறது. நடுவில் 1651இல் முடிந்த சிற்பி பெர்னினியின் நீரூற்று, அதில் நதிகளாகச் செதுக்கிய நான்கு சிலைகளில் ஒன்று நம் கங்கை! கையில் துடுப்போடு இருப்பவர்தான்.

காபியைக் கவுண்டரில் நின்றே குடியுங்கள், மேசையில் உட்கார்ந்தால் விலை எகிறும். தெருக்குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர்தான். குழாய் வாயை விரலால் அடைத்தால் மேல்துளை வழியே பீய்ச்சும், வாய் வைத்துக் குடிக்கலாம். கருங்கல் பாவிய தெருக்கள், தடித்த அடியுள்ள ஷூ இல்லாவிட்டால் சாயங்காலம் பாதம் கெஞ்சும். கால் வலிக்கிறதென்று ஸ்பானியப் படிக்கட்டில் உட்காராதீர்கள், 2019 முதல் அபராதம். நவோனாவில் கல் பெஞ்சுகள் இருக்கின்றன.