நன்கொடை ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள்

மே மாதம் வந்தால் பள்ளிக் கட்டணப் புலம்பல் தொடங்கிவிடும். கூடவே "கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்க" என்ற இலவச ஆலோசனையும் வரும். போனால் நேரம்தான் வீண். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. கோச்சிங் சென்டர் மீது வழக்குப் போடலாம். பள்ளி என்றால் வாசலிலேயே மனு அடிபடும்.

நமக்கு இருக்கும் வழி மாநிலச் சட்டம்தான்: 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு பள்ளிகள் (கட்டணம் வசூலித்தலை முறைப்படுத்தும்) சட்டம். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு பள்ளிவாரியாகக் கட்டணம் நிர்ணயிக்கும். குழுவில் கல்வித்துறை இயக்குநர்களோடு பொதுப்பணித் துறைக் கட்டடப் பொறியாளருக்கும் இடம் உண்டு. பள்ளி இருக்கும் இடம், கட்டட வசதி, நிர்வாக, பராமரிப்புச் செலவு, வளர்ச்சிக்குத் தேவையான நியாயமான உபரி, இத்தனையையும் பார்த்துத்தான் தொகை போடுகிறார்கள். அதனால் "பக்கத்துத் தெருப் பள்ளியில் இதைவிடக் கம்மி" என்பது புகாராக நிற்காது. நிர்ணயித்த தொகை மூன்று கல்வியாண்டுகளுக்குச் செல்லும். ஆணையில் இல்லாத உயர்வை நடுவில் பள்ளியே போட்டுக்கொள்ள முடியாது. சிபிஎஸ்இ பள்ளிக்கு இதெல்லாம் கிடையாது என்று பள்ளி அலுவலகத்தில் அடித்துச் சொல்வார்கள். பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கெனவே தீர்ப்பளித்திருக்கிறது.

சரி, ஓட்டை எங்கே? ரசீதில்.

ஒரு உதாரணக் கணக்கு. ஐந்தாம் வகுப்புக்கு ஆணைப்படி 22,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி பெயரில் அச்சடித்த ரசீது சரியாக 22,000க்கு வரும். அதோடு அறக்கட்டளை பெயரில் 14,000 "நன்கொடை". பிறகு "ஸ்மார்ட் கிளாஸ்", "ஆக்டிவிட்டி" என்று 6,000, அதற்கு ஒரு துண்டுச்சீட்டு. தேதியும் இருக்காது, முத்திரையும் இருக்காது. முதல் ரசீதை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு மற்ற இரண்டையும் தூக்கிப் போடுவதுதான் நம் வழக்கம். புகாருக்கு உயிரே அந்த இரண்டில்தான் இருக்கிறது. ரொக்கம் தராமல் வங்கி வழியாக அனுப்புங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், எதற்காக எவ்வளவு என்று மெசேஜிலாவது கேட்டு வாங்கி வையுங்கள். (வருமான வரியில் பள்ளிச் செலவாகக் கழிக்க டியூஷன் கட்டணம் மட்டும்தான் சேரும், நன்கொடை சேராது. ஆக, அந்த 14,000 எந்தப் பக்கமும் நமக்கு லாபமில்லை.)

புகாரில் "அநியாயக் கொள்ளை" என்று இரண்டு பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். வகுப்பு, கல்வியாண்டு, ஆணைப்படி தொகை, கட்டிய தொகை, வித்தியாசம், எந்தத் தேதியில் யார் பெயரில் கட்டியது, இவ்வளவு போதும். ரசீது நகல்களை இணைத்துக் கட்டண நிர்ணயக் குழுவுக்கு பெற்றுக்கொண்டதற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் ஒரு பிரதி. அதே வகுப்பிலிருந்து நாலைந்து பெற்றோர் தனித்தனியாக அனுப்பினால் "எங்கள் பள்ளியில் அப்படி இல்லையே" என்ற பதில் எடுபடாது. கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தர வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

சட்டத்தின் மேல் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. மீறினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். பார்க்க மிரட்டலாக இருக்கும். ஆனால் 6,000 ரூபாய் கூடுதலாக வாங்கியதற்குத் தாளாளரை மூன்று வருடம் உள்ளே தள்ள எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? கேஸ் போடத் தயங்கி, நோட்டீஸோடு நிறுத்திவிடத்தான் தோன்றும். அதிகமாக வாங்கியதைப் போல இரண்டு மடங்கு, அடுத்த முறை ஐந்து மடங்கு என்று அபராதம் ஏறும்படி திருத்தியிருந்தால் பள்ளிகளுக்கு நிஜமாகவே பயம் வந்திருக்கும்.

புகார் கொடுத்தால் டிசி தர மாட்டார்கள் என்ற பயம் பலருக்கு. கட்டணப் பாக்கியை வசூலிக்க டிசியை ஆயுதமாக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் கண்டித்துச் சொல்லியிருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவும் துணைக்கு இருக்கிறது: அரசுப் பள்ளிக்கோ அரசு உதவிபெறும் பள்ளிக்கோ மாறும்போது, டிசி வரத் தாமதம் என்பதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது. தலைமை ஆசிரியர் தயங்கினால் அந்தப் பிரிவை எழுத்தில் குறிப்பிட்டே விண்ணப்பம் கொடுங்கள்.