ஆனர்ஸ் இல்லாத டிகிரிக்கும் வேலை உண்டு

"மூணு வருஷத்தோட நிறுத்துனா ஆனர்ஸ் இல்லையாமே சார், வெறும் டிகிரிய எவன் மதிப்பான்?" புதுச்சேரி கல்லூரிகளில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் என்னிடம் இப்போது அதிகம் கேட்பது இதைத்தான். கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் க்யூசி லேபில், அதாவது தரம் பார்க்கும் ஆய்வகத்தில், வேலை பார்க்கிறேன். கெமிஸ்ட் வேலைக்கு ஆள் எடுக்கும்போது இன்டர்வியூவில் உட்காருகிறவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மதிப்பார்கள், தாராளமாக மதிப்பார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. புதுவைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் 2023-24 முதல் தேசியக் கல்விக் கொள்கைப்படி பாடத்திட்டம் மாறியது. மூன்றாண்டு படித்து 120 கிரெடிட் எடுத்தால் டிகிரி. நான்காம் ஆண்டும் படித்து 160 எடுத்தால் ஆனர்ஸ். முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வாங்கியவர்கள் ஆராய்ச்சியோடு கூடிய ஆனர்ஸுக்குப் போகலாம். தமிழ்நாடு இதை ஏற்கவில்லை. ஆகவே புதுவை எல்லையான முள்ளோடைக்கு அந்தப் பக்கம் ஆனர்ஸ் பேச்சு, இந்தப் பக்கம் கடலூரில் நம் பெரியார் கலைக் கல்லூரியில் பழையபடி மூன்றே ஆண்டு. அந்தக் காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் என்றால் பெரிய கௌரவம், அண்ணாவே பச்சையப்பன் கல்லூரியில் அதைப் படித்தவர்தான். பெரியவர்கள் மயங்குவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் வேலை கொடுக்கிறவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். ஐஏஎஸ் தேர்வுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும், மதிப்பெண் வரம்பு கூடக் கிடையாது. எஸ்பிஐ பிஓ தேர்வுக்கும் ஏதாவது ஒரு டிகிரிதான். டிஎன்பிஎஸ்சியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ஆனர்ஸுக்கென்று ஒரு இடமும் ஒதுக்கவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து வாங்கி வைக்க வேண்டிய அந்தத் தமிழ்வழிச் சான்றிதழை விட்டுவிட்டு நாம் எதைப் பற்றிக் கவலைப்படுகிறோம்!

எங்கள் லேபுக்கு வருகிறேன். கெமிஸ்ட் வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரு பியூரெட்டை (அடியில் திறப்பு வைத்த அளவுக் குழாய்) கொடுத்து டைட்ரேஷன் செய்யச் சொல்வோம், அதாவது நிறம் மாறும் வரை ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது. பத்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும். தண்ணீரில் கழுவிய பியூரெட்டை, ஊற்றப்போகும் கரைசலால் ஒரு முறை அலசுகிறாரா? ஊற்றி முடித்ததும் புனலை எடுத்துவிடுகிறாரா? அடியில் காற்றுக் குமிழி நிற்கிறதா என்று பார்க்கிறாரா? அரசுக் கல்லூரியில் செகண்ட் கிளாஸ் வாங்கிய ஒரு பெண் வந்திருந்தார். நிறம் மாறப்போகும் நேரத்தில் குழாய் முனையில் தொங்கிய அரைச் சொட்டைக் குடுவையின் உட்சுவரில் தொட்டு, வாஷ் பாட்டிலால் கழுவி இறக்கினார். வெளிர் ரோஜா நிறம் வந்தது, அதுதான் எல்லை, அதோடு நிறுத்தினார். மூன்று ரீடிங்கும் ஒத்துப்போயின. அவருக்கு முன்னால் வந்தவர் எண்பது சதவீதத்துக்கு மேல் வாங்கியவர், கரைசல் அடர் ரோஜாவாகும் வரை திறந்தே வைத்திருந்தார். யாரை எடுத்திருப்போம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்கு அந்தக் கை வந்தது மூன்றாண்டு பிராக்டிகல் வகுப்பை ஒழுங்காகச் செய்ததால்தான்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், ஸ்டாண்டிங் அரியர் கூடாது என்று கேம்பஸுக்கு வரும் பல கம்பெனிகள் போடும் கோடு இருக்கிறதே, அது இந்த மாதிரிப் பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. பிரிட்டனில் ஆனர்ஸிலேயே அப்பர் செகண்ட் (இரண்டாம் வகுப்பின் மேல் பிரிவு) வாங்கினால்தான் விண்ணப்பிக்கலாம் என்று பல பெரிய நிறுவனங்கள் வைத்திருந்தன. அங்கேயே பிடபிள்யூசி என்ற பெரிய தணிக்கை நிறுவனம் 2022-இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. இங்கே ஆள் எடுக்கும் நண்பர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பன்னிரண்டாவதில் 58 வாங்கிய பிள்ளை டிகிரியில் முன்னேறியிருந்தால் அதற்கு என்ன மரியாதை?

சரி, நான்காம் ஆண்டு யாருக்கு? ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு. 75 சதவீதத்தோடு நான்காண்டு முடித்தால் நேரே பிஎச்டிக்கு விண்ணப்பிக்கலாம், முதுகலையையும் ஓராண்டில் முடிக்கும் வழி இருக்கிறது. அந்த ஆசை உள்ள பிள்ளையைத் தடுக்காதீர்கள். வேலைதான் இலக்கு என்றால், அந்த ஓராண்டில் சம்பளமும் வரும், அனுபவமும் வரும். நெய்வேலி என்எல்சியில் பி.காம், பிஎஸ்சி படித்தவர்களையும் அப்ரன்டிஸாக எடுக்கிறார்கள், உதவித்தொகையும் உண்டு. கூலி வேலை செய்து படிக்கவைக்கும் அப்பா அம்மாவுக்கு ஓராண்டு என்பது சின்ன விஷயம் இல்லை.

நான்காம் ஆண்டுக்குப் பணம் கட்டும் முன் கல்லூரிக்கு நேரில் போய்க் கேளுங்கள். புராஜெக்ட்டுக்கு கைடு யார், எந்த லேப், அங்கே என்ன கருவிகள் ஓடுகின்றன என்று. தெளிவான பதில் வரவில்லை என்றால் ஆறாம் செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் டிசியும் புரொவிஷனல் சர்டிபிகேட்டும் வாங்கிக்கொண்டு பிள்ளையை இன்டர்வியூவுக்கு அனுப்புங்கள்.