ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே கால்

போன ஞாயிறு காலை ஏழே காலுக்கு எதிர்ச் சரிவில் இருக்கும் ஒரு பங்களாவில் மூன்று பிரஷ் கட்டர்கள், அதாவது புல்லும் புதரும் வெட்டும் மெஷின்கள், ஒன்றாகக் கிளம்பின. நான் இருப்பது குன்னூரில், பெட்ஃபோர்டுக்குக் கீழே. அந்த பங்களாவில் ஆள் இல்லை. வருஷத்தில் பத்து நாள் வருவார்கள். வரும்போது புல்தரை பாய் விரித்த மாதிரி இருக்க வேண்டுமாம். அதற்காகப் பாக்கி நாளெல்லாம் சத்தம் கேட்பது நாங்கள்.

கமெண்டில் வந்து சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நானும் வருஷத்துக்கு இரண்டு தடவை மெஷின்காரரைக் கூப்பிடுகிறவன்தான். புதர் மண்டினால் கரடி வந்து படுத்துக்கொள்ளும் ஊர் இது. அரிவாள் எடுத்து நாலு நாள் புல் அறுக்க இப்போது ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டாது. அதனால் மெஷினைத் தடை செய் என்று கேட்கவில்லை. அதற்கு ஒரு நேரம் வை என்கிறேன்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆனால் அந்த விதியில் பகல் என்பது காலை 6 மணிக்கே தொடங்கிவிடுகிறது. புகார் செய்யவும் அந்த அளவுக்கு மேல் 10 டெசிபலாவது ஏறியிருக்க வேண்டும். ஒரு அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தேன். "சத்தம் அளக்கிற மீட்டர் மலை மேலே வரணும் சார்" என்றார்கள். எட்டு மாதம் ஆகிறது, மீட்டர் இன்னும் மேலே ஏறவில்லை.

சரி, வந்தாலும் என்ன? எங்கள் பிரச்சினை டெசிபலை விட நேரத்தில்தான் இருக்கிறது. தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கிவிடும். அதற்கு மேலே கொஞ்சம் சூடான காற்று நிற்கும். மேலே போய்க் கரைய வேண்டிய சத்தம் அங்கே வளைந்து மறுபடி பள்ளத்துக்கே இறங்குகிறது. விடிகாலையில் எதிர்மலையில் ஒருவர் இருமினால் எங்கள் சமையலறையில் கேட்கும். சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கை அவ்வளவு தூரம் வருவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். வெயில் ஏறித் தரை சூடானதும் அந்தக் காற்று அடுக்கு கலைந்துவிடும். அதே மெஷின், அதே தூரம், பத்து மணிக்குப் பாதித் தொல்லைகூட இல்லை.

அன்றைக்குச் சண்டை போடுவதற்காகவே இறங்கி ஏறிப் போனேன். மெஷின்காரப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். காதில் பஞ்சு. "என்னங்ணா?" என்று இரண்டு தடவை கேட்டான். மெஷினை நிறுத்திய பிறகும் கேட்டான். "ஒன்பது மணிக்குள்ள இங்க முடிச்சுட்டுக் கோத்தகிரி போகணுங்ணா, மேனேஜர் சொல்லிட்டாரு." அந்த மெஷின் பக்கத்தில் சத்தம் நூறு டெசிபலை ஒட்டி வரும். எங்களுக்குத் தூக்கம் போகிறது, அவனுக்குக் காதே போகிறது. புல்தரைக்கு இவ்வளவு செலவு செய்கிறவருக்கு ஒரு காது மூடி வாங்கித் தர மனசு வரவில்லை. சண்டையை முழுங்கிக்கொண்டு திரும்பினேன்.

அமெரிக்காவில் இதே சண்டை இலை ஊதும் மெஷினோடு நடக்கிறது. வாஷிங்டன் நகரத்தில் 2022 முதல் பெட்ரோலில் ஓடுவதற்குத் தடை. இங்கேயும் ரிசார்ட்டுகளில் அது வந்துவிட்டது, கற்பூர மர இலையைத் தள்ளுவதற்கு. துடைப்பம் என்ன பாவம் செய்தது தெரியவில்லை.

பொக்லைன் இறக்க அனுமதி வாங்க வேண்டிய மாவட்டம் இது. 2024 மே முதல் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேறு. இதற்கெல்லாம் பழகின ஊர், புல் வெட்டுவதற்கு ஒரு நேரம் வைத்தால் பழகாதா? காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, ஞாயிறு கிடையாது. நகராட்சி ஒரு தீர்மானம் போட்டால் போதும். அபராதம் என்று வந்தால் அது வீட்டுக்காரர் பேரில் வர வேண்டும், மெஷின் தூக்குகிற பையன் பேரில் அல்ல. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதுவரைக்கும் எங்கள் தெருவில் நாங்களே ஒரு தாளில் எழுதிவிட்டோம். பதினொரு வீட்டில் ஒன்பது கையெழுத்து. பத்தாவது வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைதான் தனக்கு லீவு என்கிறார், அதுவும் நியாயம்தான், பேசிக்கொண்டிருக்கிறோம். தாளைப் படம் எடுத்து பங்களா மேனேஜருக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்து மூன்று நாள் ஆகிறது.